விருந்து நாளில் பாகற்காய்

உருளைக்கிழங்கை எடுக்கப் போன கை பாகற்காயை எடுத்துவிட்டது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டும் அடுத்தடுத்த பைகளில் கிடந்தன, அவ்வளவுதான், இதில் பெரிய காரணம் ஒன்றும் இல்லை என்று வடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையைத் திரும்ப வைக்கக் குனிந்தாள். குனிந்தவள் வைக்கவில்லை. மாமியாரின் சர்க்கரைக்காக நேற்று உழவர் சந்தையில் பொறுக்கி எடுத்த காய்கள், உள்ளங்கையில் உறுத்தின. விருந்தாளி வரும் நாளில் பாகற்காய் கூடாது. அவளுடைய நோட்டில் அது ஒன்பதாவது விதி. எழுதியது அவளே தவிர அவள் கண்டுபிடித்தது இல்லை. பாளையங்கோட்டையில் எந்த வீட்டு அடுப்படியில் கேட்டாலும் சொல்வார்கள், வந்தவருக்குப் பாகற்காய் வைத்தால் வந்த உறவு கசந்துபோகும், நிச்சயத்துக்கு வைக்க மாட்டார்கள், மறுவீட்டுக்கு வைக்க மாட்டார்கள், மகள் ஊருக்குக் கிளம்புகிற அன்று அந்தக் காயைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள். இன்றைக்கு மத்தியானம் சென்னையில் இருந்து இரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள். சும்மா சாப்பிட இல்லை. ருசிநாளை வாங்க வருகிறார்கள். காலையில் போனை எடுத்துத் தட்டினால் இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று சொல்கிற ருசிநாள், அதை விலைக்கு வாங்கி ஏதோ ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடிக்குக் கொண்டுபோக வருகிறார்கள். பாகற்காயைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஹாலில் அவள் புருஷன் காந்திமதிநாதன் போனில் சிரிப்பது கேட்டது. உரக் கம்பெனிக்காக ஊர் ஊராக அலைந்த காலத்திலேயே அவருக்கு அந்தச் சிரிப்பு உண்டு, எதிராளி ஆர்டர் கொடுக்கும்வரை நிற்காத சிரிப்பு. சரி, பார்ப்போம் என்று நினைத்தாள். எதைப் பார்க்கப் போகிறாள் என்று அந்த நிமிஷம் அவளுக்கே தெரியவில்லை. இரண்டு காயைக் கழுவி முடித்தபோது தெரிந்துவிட்டது. ருசிநாளை உருவாக்கியவர் என்று பேப்பரில் படம் வந்த அவள் புருஷன் எப்படியும் காப்பிக்கு அடுப்படிக்கு வருவார், வந்தால் இதைப் பார்ப்பார். விருந்தாளி வருகிற அன்றைக்குப் பாகற்காயா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஒரே ஒரு வார்த்தை, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். மனசாரப் போடுவாள். அவளுடைய நோட்டின் முதல் பக்கத்தையாவது இந்த மனிதர் படித்திருக்கிறார் என்று அர்த்தம், அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

காகிதம் ஃப்ரிட்ஜின் மேல், பழைய சாவிக்கொத்துக்கு அடியில் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கொண்டுவந்து வைத்தார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி வடிவு. அந்த வெப்சைட் அட்ரஸ அன்னைக்கு உன் பேர்லல்லா வாங்குனோம், அதான் அவுக வக்கீலு நோண்டுதான். நாளைக்கு அவுக முன்னால ஒரு கையெழுத்தப் போட்டுரு." ஒரே பக்கம், முத்திரைத்தாள். 'மேற்படி செயலியின் உருவாக்கத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.' எந்தப் பங்கும் இல்லை. தேங்காயை உடைத்துத் தண்ணீரைத் தம்ளரில் பிடித்தாள். சொதிக்கு மூன்று பால் எடுக்க வேண்டும், முதல் பால் கெட்டியாகத் தனியே இருக்க வேண்டும், அது கடைசியில்தான் போகும், கொதிக்க விட்டால் திரிந்துவிடும். எந்தப் பங்கும் என்றால் ஒரு மூடித் தேங்காய் துருவின பங்குகூடவா இல்லை. வக்கீல் தானாக எழுதினாரா இவர் சொல்லி எழுதினாரா என்று கேட்க நேற்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. நான்தான் சொன்னேன் என்று இவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு இந்த முகத்தை எப்படித் தினமும் பார்ப்பது என்ற பயம். பயம் என்று சொல்வதா, சோம்பேறித்தனமா. இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ கேள்விகளை இப்படித்தான் வாய் வரை கொண்டுவந்து விழுங்கியிருக்கிறாள், ஒரே ஒரு கேள்வியைத் தவிர. அந்த ஒன்றை மட்டும் தினமும் கேட்டாள். "இன்னைக்கு என்ன வைக்க?" அவரும் தினமும் பதில் சொன்னார். "ஏதாவது வை." ஏதாவது என்று ஒரு காய் எந்தச் சந்தையில் விற்கிறது? ஏதாவது வைத்தால், இலையைப் பார்த்துவிட்டு, "இதையா வச்ச?" என்பார். கோபமாக இல்லை, அதுதான் கொடுமை, ரொம்ப மென்மையாக, ஏமாந்துபோன குழந்தை மாதிரி. அப்படி ஒரு நாள் புடலங்காய்க் கூட்டைப் பார்த்து "இதையா" என்று அவர் கேட்ட மத்தியானம், மகள் அபிராமிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். அவள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள். பெண் பார்க்க வந்தபோது அதைப் பெருமையாகப் பேசினார்கள், பாக்கு வெற்றிலை மாற்றியதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறந்ததெல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்துத் திரும்ப வந்தது. அத்தை கண்ணயர்கிற இரண்டு மணி நேரம், ஒரு மாதம், அவ்வளவுதான் ஆயிற்று. ஒரு வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு பட்டன், தொட்டால் ஒரு சாப்பாடு. பக்கத்துக்கு 'ஏதாவது' என்றே பேர் வைத்தாள். கொண்டுபோய்க் காட்டியபோது அவர் பட்டனைத் தொட்டார், புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும் என்று வந்தது, "நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பட்டனுக்காக நோட்டில் எழுதிவைத்த முதல் விதி, நேற்று வைத்த குழம்பு இன்று கூடாது. இரண்டாவது, அமாவாசைக்கு வெங்காயம் பூண்டு கூடாது. மூன்றாவது, மாவு ஆட்டி நான்காம் நாள் ஆகிவிட்டால் ஊத்தப்பம். தேங்காய்த் துருவலை மிக்ஸியில் போட்டுவிட்டு அது சுற்றுகிற சத்தத்துக்குள் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போனாள், எண்ணுவது ஒரு பழக்கம், பல் வலிக்கிற இடத்தையே நாக்கு போய்த் தொடுகிற மாதிரி. தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விளையாட்டாக அனுப்பினாள், அங்கிருந்து யாரோ யாருக்கோ அனுப்பி, ஒரு வாரத்தில் ஷார்ஜாவில் இருந்து ஒருத்தி குரலைப் பதிந்து அனுப்பிவிட்டாள்: "அக்கா, எங்க வீட்ல என் கொழுந்தனும் கூட இருக்காங்க, அவருக்குக் கத்திரிக்கா ஒத்துக்காது, ஆனா இவருக்குக் கத்திரிக்கா இல்லாம எறங்காது, ரெண்டு குழம்பு வைக்க முடியலக்கா, பட்டன்ல ஏதாச்சும் பண்ணுங்களேன்." பண்ணினாள். அது முப்பத்தோராவது விதி. அதற்குப் பிறகு குரல்கள் வந்துகொண்டே இருந்தன. தோசை வார்த்துக்கொண்டே கேட்பாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பாள். மாமனாருக்குப் பல் செட், மகனுக்குப் பச்சை நிறம் ஆகாது, புருஷனுக்கு வியாழக்கிழமை விரதம் ஆனால் பசி தாங்காது. எல்லாரும் சமையல் சந்தேகம் கேட்கிற மாதிரி ஆரம்பித்துச் சமையலைத் தாண்டிப் போய், கடைசியில் 'சரிக்கா, குக்கர் சத்தம் போடுது, வைக்கிறேன்' என்று முடிப்பார்கள். நாமக்கல்லில் இருந்து ஒருத்தி, பேர்கூடச் சொல்லவில்லை, கேட்டாளே அது எண்பத்து நான்கு: "அக்கா, வீட்ல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, நான் மட்டுந்தான் இருக்கேன். எனக்கு மட்டும்னா என்ன செய்யறதுன்னே தெரியல, அரை மணி நேரமா பட்டனத் தட்டிட்டே இருக்கேன்." வடிவு அதைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்து வைத்து உட்கார்ந்தாள். அன்றைக்கு இன்னொரு பட்டன் சேர்த்தாள், சின்னதாக, கீழே, 'நான் மட்டும்' என்று. தொட்டால், இன்றைக்கு அடுப்பே வேண்டாம், தயிரும் பழைய சோறும் போதும், சுண்டைவற்றல் இருந்தால் நல்லது என்று சொல்லும். சில நாள் நெய் ரோஸ்ட் வாங்கிச் சாப்பிடு என்று சொல்லும். அந்தப் பட்டனுக்கு வந்த குரல்களை அவள் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. நிறையப் பேர் அழுதிருந்தார்கள், ரோஸ்டுக்கு அழுவார்களா என்றால் அழுதார்கள்.

"வடிவு, காப்பி ஒரு வாய் கிடைக்குமா?" மிக்ஸியை நிறுத்தினாள். அவர் வாசலில் நின்றார், புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல் கையை உடம்பில் இருந்து கொஞ்சம் விலக்கியே வைத்திருந்தார். "அவுக வாகைகுளம் ஏர்போர்ட்ல எறங்கிட்டாகளாம். ஒரு மணி நேரத்துல வந்துருவாக." காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். தட்டில் பாகற்காய்கள் ஈரத்தோடு அடுக்கி இருந்தன, மறைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத்தான் நகர்த்தினாள். அவர் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், கண் அங்கே போய் நின்றது. "பாவக்காயா? நல்லா மொறுமொறுன்னு வறு. மெட்ராஸ்காரவுகளுக்கு நம்ம ஊருப் பக்குவம் தெரியட்டும்." காப்பியை உறிஞ்சிக்கொண்டே போய்விட்டார். சரி, அவர் மனசு வேறு எங்கோ இருக்கிறது, இன்று எத்தனை கவலை, வருகிறவர்கள் என்ன கேட்பார்கள், ஏசி ஓடுகிறதா, இதில் பாகற்காயைப் போய் யார் யோசிப்பார்கள் என்று அவருக்காக அவளே வக்காலத்து வாங்கினாள். அடுத்த முறை வருவார். வந்தால் பார்ப்பார். அரிவாள்மணையை எடுத்துப் போட்டு வட்டம் வட்டமாக நறுக்க ஆரம்பித்தாள். அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். செய்தார். பக்கத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பெண்கள் வருகிறார்கள் என்று அபிராமி சொன்னபோது அவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். சமையலைச் சொன்னால் சாமான் பட்டியலையும் சொல்லலாமே, பட்டியலைச் சொன்னால் கடையையும் காட்டலாமே என்று அவருக்குத்தான் தோன்றியது. வெயிலில் மளிகைக் கடை மளிகைக் கடையாக ஏறி இறங்கினார், முகம் கறுத்துப் போனது, செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது, வாரச் சமையல் பட்டியலுக்குச் சந்தா என்று வைத்தார், அதுவும் ஓடியது. வேலையை விட்டார். மதுரையில் ஒரு கம்பெனியில் கொடுத்துப் போனில் போடுகிற மாதிரி மாற்றினார், 'ஏதாவதுன்னு என்னட்டி பேரு, கேனத்தனமா' என்று ருசிநாள் ஆக்கினார். அதெல்லாம் நிஜம். அவளும் அப்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தாள், பொய் சொல்வானேன். 'நான் மட்டும்' பட்டனை அவர் எடுத்த அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தச் சந்தோஷத்தில் ஓட்டை விழுந்தது. "அந்தப் பட்டனத் தொட்டா ஒரு சாமானும் போக மாட்டேங்கு வடிவு. தயிரும் சோறும்னா எவன் கடைக்குப் போவான்? நட்டம்லா." நட்டம். நாமக்கல்காரி மறுநாள் கேட்டாள், எங்கக்கா அந்தப் பட்டன் என்று. வடிவு பதில் போடவில்லை.

நறுக்கினதில் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசிறி வைத்தாள். உப்பு இறங்கினால் தண்ணீர் விடும், பச்சையாக, அதைப் பிழிந்து விட வேண்டும். பேப்பர்க்காரர்கள் வந்த அன்று இந்த இடத்தில்தான் அவளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். "மேடம் கையில ஒரு கரண்டி வச்சுக்கிட்டா நல்லாருக்கும்." அவசரத்தில் கைக்குக் கிடைத்தது சாதக் கரண்டி, அதைக் குழம்புச் சட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள், படம் வந்தபிறகு தெருவில் இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். படத்துக்குக் கீழே அவர் சொன்னது: 'தினமும் என் மனைவி அடுப்படியில் திண்டாடுவதைப் பார்த்தேன். அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.' திரும்பத் திரும்ப அதைப் படித்தாள். ஏழெட்டுத் தடவை படித்தபிறகு ஒரு விபரீதம் நடந்தது, அப்படித்தான் நடந்திருக்குமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அவர் பார்த்தார், அவர் செய்தார், நாம் உட்கார்ந்து தட்டினோம். தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்து பீரோவைத் திறந்து நோட்டை எடுத்துப் பார்த்தாள், கம்ப்யூட்டர் சென்டர் பேர் அச்சடித்த பழைய ரெக்கார்டு நோட்டு, அவள் கையெழுத்து, எண்ணெய்க் கறை, இருநூற்றுப் பதின்மூன்று விதிகள். இருந்தது. இருந்தும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நோட்டு இருந்தாலும் இல்லாத கணக்குத்தான், எந்தப் பங்கும் இல்லை, அந்தக் குரல்கள் எல்லாம் ஏழாவது மாடிக்குப் போய்விடும், கேட்க ஆள் இல்லாமல் அங்கே கிடக்கும். போடாவிட்டால்? போடாவிட்டால் வீடு இரண்டுபடும், இவர் சாப்பிடாமல் கிடப்பார், கோபமாக இல்லை, மென்மையாக, இதையா செய்தாய் என்று. "இங்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதும் கெடக்கா வடிவு?" அவர் இரண்டாவது முறை வந்து அலமாரியைத் துழாவினார். திரும்பும்போது பாத்திரத்தைப் பார்த்து நின்றார். இப்போது சொல்வார். "அட, வட்டம் வட்டமா அழகா இருக்கே. இரு, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன், நம்ம பேஜ்ல போடலாம்." குனிந்து, வெளிச்சம் பார்த்து, மூன்று படம் எடுத்தார். அவர் ஹாலுக்குப் போவதற்குள் அவள் போன் அதிர ஆரம்பித்தது. பேஜில் யார் என்ன கேட்டாலும் பதில் போடுவது இன்றுவரைக்கும் அவள் வேலைதான். 'விருந்து ஸ்பெஷல்' என்று போட்டிருந்தார். கீழே வரிசையாக, 'விருந்துக்குப் பாகற்காயா சார்?' 'அண்ணா, ஆகாது அண்ணா.' 'உங்க ஆப்தானே எனக்கு வேண்டாம்னு சொல்லுச்சு, இப்ப நீங்களே வைக்கிறீங்களா?' ஊர் பேர் தெரியாத பெண்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அத்தை மாத்திரைக்குத் தண்ணீர் எடுக்க வந்தாள். செண்பகத்தம்மாளுக்கு வயது எழுபத்தொன்று, கண் இன்னும் கெட்டி. பாத்திரத்தைப் பார்த்தாள், மருமகள் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் பாத்திரத்தைப் பார்த்தாள். "எனக்கு மட்டுமாட்டி?" "எல்லாருக்குந்தான் அத்தை." தம்ளரை நிறைத்துக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால்கூட வடிவு எடுத்து மறைத்திருப்பாள், திட்டவில்லை. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, அவருடைய சிரிப்பு இரண்டு மடங்காயிற்று, வாங்க வாங்க, வெயிலு எப்படி, எங்க ஊருத் தண்ணியக் குடிங்க. வடிவு வாணலியை அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, எந்தப் பங்கும் இல்லை, வெங்காயம் சிவந்தது, எந்தப் பங்கும், அவள் மனசு முத்திரைத்தாளின் அந்த ஒரு வரியிலேயே முட்டிக்கொண்டு நின்றது, கை தன் பாட்டுக்குப் பிழிந்தது, மோரில் அலசியது, டப்பா டப்பாவாகத் திறந்து மூடியது, மிளகாய் வத்தல்பொடி, பெருங்காயம், வெல்லம், இருபத்து மூன்று வருஷத்தில் கைக்குத் தனியாக ஒரு மூளை முளைத்திருந்தது. மூன்றாவது தடவை ஒன்று பாக்கி இருக்கிறது, இலையில் விழுந்தபிறகாவது தெரியும், ஒரு வாய் வைத்தபிறகாவது நினைவு வரும் என்று அவள் விடாமல் நம்பினாள். நம்பிக்கை என்பது எவ்வளவு கேவலமான சாமான் என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மேஜையில் இலை போட்டாயிற்று. வந்தவர்களில் நந்திதா என்கிற பெண்தான் முக்கியம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார், முப்பது வயதுகூட இருக்காது, வெறும் பருத்திச் சேலை, நல்ல பசி. கூட வந்தவர் வக்கீல், ஒல்லி, எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவர். வடிவு சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு, பாகற்காய் என்று பரிமாறினாள். அத்தை ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, இலையில் விழுந்த பாகற்காயை ஒரு விரலால் விளிம்புக்குத் தள்ளி வைத்தாள். "இந்தப் பாகற்காய் சூப்பர் மேடம்" என்றார் வக்கீல், "கசப்பே தெரியல." காந்திமதிநாதன் மகிழ்ந்துபோனார். "எங்க வீட்டுப் பக்குவம் அப்படி! இன்னும் ரெண்டு வை வடிவு." சொதியில் கை நனைந்திருந்த நந்திதா இடது கையால் போனை எடுத்தாள். "சார், ஒரு சின்ன விளையாட்டு. இன்னிக்கு இந்த வீட்டுக்கு உங்க ஆப் என்ன சொல்லுதுன்னு பார்ப்போமா?" வியாழக்கிழமை, ஐந்து பேர், வெயில் காலம், விருந்தாளி உண்டு என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். "சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு, அப்பளம்! சார், அப்படியே இருக்கு!" வக்கீல்கூடச் சிரித்தார். பிறகு அவள் புருவம் சுருங்கியது. "கீழ சிவப்புல ஏதோ வருதே. 'விருந்தாளி வந்திருக்கும் நாள். பாகற்காய் வேண்டாம், உறவு கசந்துபோகும்.' இது என்ன சார்?" வடிவு அப்பளத் தட்டோடு நின்றாள். இதோ, மூன்றாவது தடவை, இவளே எழுதின வரி, எழுத்துக்கூட மாறாமல், ஒரு மூன்றாம் மனுஷியின் வாயால் அவர் காதுக்குப் போயிருக்கிறது. அவர் இலையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். சிரித்தார்.

"அது ஒரு பக் மேடம். பழைய வெர்ஷன்ல எங்கயோ ஒட்டிக்கிட்டுக் கெடந்திருக்கு. தூக்கிரலாம்."

"நோட் பண்ணிக்கறேன் சார். முதல் வாரத்துலயே எடுத்துடலாம்."

அத்தை மட்டும் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று வடிவு யோசிக்கவில்லை. அப்பளத்தை எல்லாருக்கும் வைத்தாள், மோர் விட்டாள், கை கழுவத் தண்ணீரும் துண்டும் எடுத்துக் கொடுத்தாள். வெற்றிலைத் தட்டோடு அவர் முத்திரைத்தாளையும் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்.

"வடிவு, இங்க ஒரு கையெழுத்து. பேனா இந்தா."

"இன்னைக்குப் போட முடியாதுங்க."

"ஏன்?"

"பாவக்கா வச்ச அன்னைக்குக் கையெழுத்து வைக்கக் கூடாது."

"என்னட்டி சொல்லுத, நல்ல நேரம் பாத்துத்தான அவுகள வரச் சொன்னேன்?"

நந்திதா ஆர்வமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இதுவும் ஒரு ரூலா மேடம்? ஆப்ல இருக்கா?"

"இல்ல. இது இருநூத்திப் பதினாலு. இப்பத்தான் எழுதுதேன்."

வக்கீல் தலையாட்டினார். புருஷன் முகத்தில் அந்த ஏமாந்த குழந்தை வந்து எட்டிப் பார்த்தது. வடிவு அதைப் பார்க்காமல் எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஹாலில் அவர் குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது, தாழ்த்தினாலும் ஊருக்கே கேட்கும் குரல்: "லேடீஸ் சென்டிமென்ட் மேடம், ஒண்ணும் நெனைச்சுக்கிடாதீங்க. ரெண்டு நாள்ல போட்டிருவா. எனக்குத் தெரியாதா அவள?" தெரியும். இந்த மனிதருக்கு ஒன்பதாவது விதி தெரியாது, நாமக்கல்காரியைத் தெரியாது, ஆனால் அவளைத் தெரியும், அதுதான் பயமாக இருந்தது. இரண்டு நாள் அவர் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தால், மூன்றாம் நாள் காலையில் அவளே பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு போய் நிற்பாள், போனதில்லையா, எத்தனை தடவை போயிருக்கிறாள். தரையில் உட்கார்ந்து தட்டில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள். வாணலியில் மிச்சம் இருந்த பாகற்காயை முழுவதும் வழித்துப் போட்டாள். இன்றைக்கு இந்த வீட்டில் அவள் துணிந்து செய்த காரியம் இது ஒன்றுதான், அதன் கசப்பையாவது முழுசாகத் தின்று தீர்ப்போம் என்று ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள்.

கசக்கவில்லை.

மென்றாள், இன்னொரு பிடி வைத்தாள். இனிப்பாக, உப்பாக, மொறுமொறுவென்று இருந்தது, வக்கீல் பொய் சொல்லவில்லை. உப்புப் போட்டுப் பிழிந்து, மோரில் அலசி, இறக்கும்போது ஒரு உருண்டை வெல்லத்தைப் பொடித்துத் தூவியிருக்கிறாள். அவருக்குக் கசப்பு இறங்காது. கல்யாணம் ஆன புதிதில் ஒரு தடவை இலையைப் பார்த்து "இதையா வச்ச" என்றார், அன்றில் இருந்து வெல்லம். இன்றைக்கும், இத்தனை ரோஷத்துக்கு நடுவிலும், அவள் கை போய் வெல்ல டப்பாவைத் திறந்திருக்கிறது. விருந்தாளிக்குப் பாகற்காய் வைத்தாளாம், அதிலும் ஒருத்தர் நாக்கிலும் கசப்புத் தட்டாமல் பார்த்துக்கொண்டாளாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஹாலில் வெற்றிலை மெல்லுகிற சத்தமும் அவருடைய சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. எழுந்து போய்ப் பீரோவில் இருந்து நோட்டை எடுத்துவந்து, மேஜையில் அவர் விட்டுப்போன அதே பேனாவால், பாகற்காய் வைத்த அன்று கையெழுத்து வைக்கக் கூடாது என்று இருநூற்றுப் பதினான்கை எழுதினாள். எண்ணெய்க் கை பட்டு மை கொஞ்சம் கலைந்தது. அதற்குக் கீழே இருநூற்றுப் பதினைந்து என்று போட்டு எழுதினாள்: பாகற்காய்க்கு வெல்லம் போடக் கூடாது.